எந்த நாளின் துப்பாக்கி?

தர்மபுரி மாவட்டத்தில் அரூரைத் தாண்டினால் தீர்த்தமலை. மலைமேல் விழும் தீர்த்தங்களில் நீராடப் பக்தர்கள் போகிறார்கள். நிலவியலாளர்கள் அங்கே போனது பாறைக்காக. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் அடுத்த ஆண்டே சேலம் வட்டாரத்தின் நிலவியலைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். இரும்புத்தாது நிறைந்த மலைகள் என்று அவர்கள் பிரித்துக் காட்டிய தொகுதிகளில் கஞ்சமலை ஒன்று, தீர்த்தமலை இன்னொன்று. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1965இல்தான். அந்தப் பாறையில் வெள்ளைக் குவார்ட்சும் கறுப்புத் தாதும் மாறி மாறி வரிகளாக ஓடும். கறுப்பு வரியின் மீது காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதன் பெயர் மாக்னடைட். மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு என்பது அதன் கணக்கு.

நூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ராணுவ ரைஃபிள் ஒன்றின் குழலில் தெரியும் ஆழ்ந்த கருமையும் இதே மாக்னடைட்தான். சாயமோ வண்ணப்பூச்சோ கிடையாது. இரும்பின் மேற்பரப்பையே சில மைக்ரான் ஆழத்துக்குக் கல்லாக மாற்றி வைத்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கியை அதன் முதல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த மெல்லிய கறுப்புத் தோலை. இது புரியாமல் கைவைத்ததால் கெட்டுப்போன துப்பாக்கிகளே அதிகம்.

அந்தத் தோல் உருவாகும் விதம் அழகானது. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்த குழலின் மீது அமிலமும் உலோக உப்பும் கலந்த கரைசலை மெல்லப் பூசி, ஈரக்காற்று நிறைந்த அறையில் சில மணி நேரம் விடுவார்கள். குழல் முழுக்கச் செந்துரு பூக்கும். வேண்டுமென்றே வரவழைத்த துரு அது. பிறகு குழலைக் கொதிநீரில் மூழ்கவைப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் செம்மை கறுத்துவிடும். ஈரத்தோடு சேர்ந்து உண்டான இரும்பு ஆக்சைடு, கொதிநீரின் வெப்பத்தில் அடியிலுள்ள இரும்போடு வினைபுரிந்து மாக்னடைட்டாக மாறுகிறது. தளர்வாக மேலே நிற்கும் கரும்பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் நீக்கிவிட்டு மறுபடி கரைசல், மறுபடி ஈரம், மறுபடி கொதிநீர். பல சுற்றுகள் முடிந்தபின் எண்ணெய் பூசினால், ஒளியைத் திருப்பி அடிக்காத கருமை நிலைத்துவிடும். போர்க்களத்தில் மினுங்காத குழல் வேண்டும் என்பதே நோக்கம். துருவிடமிருந்து காப்பது கூடுதல் பலன்.

செந்துரு ஏன் இரும்பைத் தின்கிறது, கருந்துரு ஏன் காக்கிறது? காரணம் பருமனில் இருக்கிறது. செந்துரு, தான் பிறந்த இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். இடம் போதாமல் வெடித்து உதிரும், உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளிப்படும், அதுவும் துருவாகும். மாக்னடைட் சுமார் இரண்டு மடங்கோடு நின்று, அடர்த்தியாகப் படிந்து, எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் மீட்டெடுப்பவரின் சிக்கல் தொடங்குகிறது. செந்துருவும் கறுப்புத் தோலும் ஒரே இரும்பும் ஒரே ஆக்சிஜனும் சேர்ந்தவை. செந்துருவைக் கரைக்கும் பாஸ்பாரிக் அமிலம் கறுப்புத் தோலையும் கரைக்கும். வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை உரிக்கும் முறைக்கும் இந்த இரண்டும் வேறுவேறல்ல. தவிர, அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் கடினமான ஸ்பிரிங் எஃகுக்குள் புகுந்து அதை முறியவைக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ எல்லாவற்றிலும் மோசம். துரு போகும், கருமை போகும், கூடவே எஃகில் பொறித்த முத்திரைகளின் கூர்மையும் போகும். வெள்ளி போலப் பளபளக்கும் பழைய துப்பாக்கியைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பளபளப்பில் அழிந்த எழுத்துகளை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

நல்ல வழி, அந்தத் தோலைச் செய்த முறையிலேயே இருக்கிறது. துருப்பிடித்த பாகத்தைக் கழற்றிக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தால், இருக்கிற செந்துரு இருந்த இடத்திலேயே கருந்துருவாக மாறும். துருவுக்குள் பதுங்கியிருக்கும் உப்பும் ஓரளவு வெளியேறும். பழைய கருமைக்குச் சேதமில்லை. உதிரியை மட்டும் தூரிகையால் எடுத்துவிட்டு எண்ணெயோ மெழுகோ பூசலாம். காய்ச்சி வடித்த நீர் என்பது இங்கே முக்கியம். தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடும் உப்புகளும் எவ்வளவு என்பது அந்த ஊர்க்காரர்களின் பற்களுக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்த நீரில் கொதிக்கவைத்த இரும்பின் மீது வெண்படிவம்தான் மிஞ்சும்.

இனி, துப்பாக்கிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பழைய ராணுவ ரைஃபிள் என்றால் ‘த்ரீ நாட் த்ரீ’தான். லீ என்ஃபீல்டு என்பது அதன் முழுப் பெயர். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ. மேகசினில் பத்துத் தோட்டாக்கள். எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குழலுக்குள் இடப்பக்கமாகச் சுழலும் ஐந்து வரிப்பள்ளங்கள். குண்டு பத்து அங்குலம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டு முனை திரும்பாமல் நேரே போகிறது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படை தூக்கிச் சென்றது இதைத்தான். விடுதலைக்குப் பிறகு ராணுவத்திடமிருந்து மெல்ல மெல்லக் காவல்துறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு முறைப்படி விடைகொடுத்தது. 

வங்காளத்தின் இஷாப்பூரில் ரைஃபிள் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நம் நாட்டில் கண்ணில் படும் த்ரீ நாட் த்ரீகளில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை அல்லது அங்கே போய்த் திரும்பியவை. தோட்டாவுக்குள் இருந்த கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைச் செய்ய அதே காலத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் ஆலை அமைத்தார்கள். 

அப்படி ஒரு ரைஃபிளை முதல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். எது முதல் வடிவம்?

இந்த மாதிரியின் மூன்றாம் வகை 1907இல் ஏற்கப்பட்டது. அதன் இடப்பக்க மரத்தில் தொலைதூரக் குறிகாட்டி ஒன்று இருக்கும். 2,800 கஜம் தொலைவில் நிற்கும் கூட்டத்தை நோக்கி ஒரு பட்டாளமே சேர்ந்து சுடுவதற்காக வைத்தது. மேகசினை மூடி ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுடவைக்கும் தகடு ஒன்றும் உண்டு. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இரண்டுக்கும் வேலையில்லை. செய்வதற்கு நேரமும் இல்லை. 1916இல் இரண்டையும் நீக்கிய எளிய வடிவம் வந்தது. மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் சேர்ந்தது. 1912இல் முதல் வடிவில் பிறந்த துப்பாக்கி, போருக்குப் போய்ப் பழுதாகிப் பட்டறைக்குத் திரும்பியபோது நட்சத்திர வடிவத்துக்கு மாறியிருக்கும். குழல் தேய்ந்து இன்னொரு குழல் வந்திருக்கும். மரம் பிளந்து இன்னொரு மரம். அதன் கைப்பிடிக்கு அருகே உள்ள எஃகு வளையத்தில் மன்னரின் முடியும் எழுத்தும், ஆலையின் பெயரும், ஆண்டும் பொறித்திருக்கும். பெரும்பழுது பார்த்தால் அதற்கும் ஒரு முத்திரையும் ஆண்டும் போடுவது இந்தியப் பட்டறைகளின் வழக்கம். குழல், போல்ட், முனைமூடி, குறிகாட்டி என்று ஒவ்வொன்றிலும் தொடர் எண் இருக்கும். எல்லா எண்ணும் ஒன்றானால் அந்தப் பாகங்கள் அனேகமாக ஒரே துப்பாக்கியாகவே வாழ்ந்தவை. எண்கள் மாறினால் எப்போது, எங்கே கலந்தன என்று தேட வேண்டும்.

ஆகவே துப்பாக்கியைக் கழற்றும் முன் அதைப் படிக்க வேண்டும். நடுகல் படிப்பவர்கள் செய்வது இதுதான். தர்மபுரி மாவட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய நடுகற்கள் உண்டு. வீரன் கையில் வில்லும் குறுவாளும் அவன் விழுந்த நாளில் இருந்தபடி கல்லில் நிற்கின்றன. கல்வெட்டியலாளர் எழுத்தைத் தொடுவதற்கு முன் மைப்படி எடுப்பார். தெளிவில்லாத எழுத்தை உளியால் ஆழப்படுத்த மாட்டார். ஆயுதத்துக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

இந்தியப் பட்டறைகள் செய்த மாற்றங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மேகசினுக்கு முன்னால் மரத்தின் குறுக்கே போகும் ஒரு திருகாணி. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் அது கிடையாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் எஃகின் பின்னுதை முழுவதையும் முன்மரத்தின் பின்முனையில் உள்ள இரண்டு சிறு தோள்கள் வாங்கிக்கொள்கின்றன. மரம் காய்ந்து சுருங்கினால் அந்தத் தோள்களில் இடைவெளி விழும். தாங்கவேண்டிய உதை அடியாக மாறும். மரம் நீளவாக்கில் பிளக்கும். சுருங்குவது எளிது. சித்திரை வெயிலில் தர்மபுரிக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கும் ஐப்பசி மழைநாளின் ஈரத்துக்கும் இடையே மரம் ஆண்டுதோறும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. இழைக்குக் குறுக்கே அது விரிந்து சுருங்கும் அளவு, இழையின் நீளத்தில் விரிவதைவிடப் பல மடங்கு அதிகம். இந்தப் பிளவைத் தடுக்க இஷாப்பூர் கண்டுபிடித்த மருந்து அந்தத் திருகாணி. ‘அசல் வடிவம்’ வேண்டும் என்று அதைக் கழற்றி ஓட்டையை அடைக்கிறவர், இந்த நாட்டின் வெயில் அந்தத் துப்பாக்கிக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தையே அழிக்கிறார்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஆயுதப்படைக் காவலர்கள் ‘மஸ்கட்’ என்று சொன்ன 0.410 துப்பாக்கி. வெளியே பார்த்தால் த்ரீ நாட் த்ரீயின் உடல்தான். உள்ளே வரிப்பள்ளங்கள் இல்லை. குழலைக் குடைந்து 10.4 மி.மீ. வழவழப்பான துளையாக்கிவிட்டார்கள். மேகசின் இருந்த குழியை அடைத்துவிட்டார்கள். ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மறுபடி ஒன்று போட வேண்டும். தோட்டாவும் த்ரீ நாட் த்ரீயின் கூட்டைக் கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டுச் செய்தது. சிறைக்காவலுக்கும் கலவரம் அடக்குவதற்கும் இது போதும் என்பது ஒரு காரணம். காவலர் கையிலிருந்து பறிபோனாலும் படைக்கு எதிராக அதிகம் பயன்படாது என்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது காரணத்தின் வேர் 1857இல் இருக்கிறது. சிப்பாய்களின் கிளர்ச்சிக்குக் கொழுப்புத் தோட்டா காரணம் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அந்தத் தோட்டாவுக்கு உரிய துப்பாக்கி 1853 மாதிரி என்ஃபீல்டு. 0.577 அங்குலக் குழல், உள்ளே மூன்று வரிப்பள்ளங்கள். அதற்கு முன்னிருந்த வழவழப்புக் குழல் துப்பாக்கிகள் நூறு கஜம் தாண்டினால் குறியை நம்ப முடியாதவை; இது பல நூறு கஜம் எட்டியது. கிளர்ச்சி அடங்கியபின் ஆங்கில அரசு செய்த வேலை, இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு தனித் துப்பாக்கியை உருவாக்கியது. 1858 மாதிரி என்று அதற்குப் பெயர். அதே என்ஃபீல்டின் குழலைக் குடைந்து வரிகளைச் சுத்தமாக எடுத்து, துளையை 0.65 அங்குலம் அளவுக்கு அகட்டினார்கள். தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் குறிகாட்டியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு நிலையான பள்ளத்தை வைத்தார்கள். குடைந்ததில் குழலின் சுவர் மெலிந்து எளிதில் நசுங்கியதால் அடுத்த ஆண்டே தடித்த குழலோடு புது மாதிரி கொண்டுவர வேண்டியதாயிற்று. தூரத்தில் நின்று பார்த்தால் வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் இருப்பதும் இந்தியச் சிப்பாய் கையில் இருப்பதும் ஒரே துப்பாக்கி. குழலுக்குள் எட்டிப் பார்த்தால்தான் யாரை நம்பினார்கள், யாரை நம்பவில்லை என்பது தெரியும்.

இப்போது ஒருவர், 1915இல் த்ரீ நாட் த்ரீயாகப் பிறந்த ஒரு 0.410 மஸ்கட்டைக் கொண்டுவந்து, இதை மறுபடியும் த்ரீ நாட் த்ரீ ஆக்க வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இயற்பியலே முதலில் தடுக்கிறது. எஃகை எடுக்கலாம், எடுத்த எஃகைத் திருப்பி வைக்க முடியாது. குடைந்த குழலில் 1915ஆம் ஆண்டின் வரிகள் இனி எந்தக் காலத்திலும் திரும்பாது. செய்யக்கூடியதெல்லாம் வேறொரு துப்பாக்கியின் குழலையும் வேறொன்றின் மேகசினையும் கொண்டுவந்து பொருத்துவது. கிடைப்பது 1915இன் துப்பாக்கி ஆகாது. அந்த மாதிரியைப் போல் தோன்றும் புதுப் பொருள். அதற்கு விலையாக அழிந்தது, மாற்றத்துக்குப் பிறகு ஏதோ ஒரு மாவட்டத்தின் ஆயுதக் கிடங்கில் எண்ணிட்டு, எண்ணெய் போட்டு, காவலர்களின் தோளில் கழித்த பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளுக்கு வேறு சாட்சி அனேகமாக இல்லை. ஆகவே என் கருத்து உறுதியானது: அரசு ஆயுதப் பட்டறையில் நடந்த மாற்றம் அந்தத் துப்பாக்கியின் அசல் வடிவங்களில் ஒன்று. அதைத் திருப்பக் கூடாது. 

எல்லா மாற்றத்தையும் தொடாமல் விட வேண்டும் என்று சொல்லவில்லை. மேலைநாடுகளில் உபரியான லீ என்ஃபீல்டுகள் மலிவாக விற்றபோது, வேட்டைக்காரர்கள் முன்மரத்தைப் பாதியில் அறுத்து, கைக்காப்பு மரத்தைத் தூக்கி எறிந்து எடையைக் குறைத்தார்கள். எஃகில் கைவைக்காத இடத்தில், அதே ஆலையின் அதே காலத்து முன்மரத்தையும் முனைமூடியையும் தேடிப் பிடித்துப் பொருத்துவது நல்ல மீட்பு. நாளை யாராவது தவறென்று கண்டால் கழற்றிவிடலாம். இந்தியாவில் உபரித் துப்பாக்கி இப்படி வேட்டைக்காரர் கைக்குப் போக வழியே கிடையாது. குடிமக்கள் கையில் ராணுவத் தோட்டா பொருந்தும் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஆங்கில அரசு முடிவெடுத்ததால், வேட்டைக்கு 0.315 என்ற தனி அளவு பிறந்தது. இஷாப்பூர் இன்றுவரை அறியப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று.

மரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். துப்பாக்கி மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டு வகை. இழை நசுங்கிய பள்ளம், இழை அறுந்த பள்ளம். முதல் வகைக்கு ஈரத்துணியைப் போர்த்தி மேலே சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையை வைத்தால் நீராவி உள்ளே புகுந்து, அழுந்திய மரச்செல்கள் உப்பி எழும். மரம் இழப்பில்லாமல் பள்ளம் மேலே வரும். அறுந்த பள்ளத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அதைச் சமன்செய்ய மரம் முழுவதையும் தேய்த்தால் பரிசோதகரின் முத்திரைகள் போய்விடும். எஃகும் மரமும் ஒன்றாய்ச் சேரும் விளிம்பில் எஃகு துருத்திக்கொண்டு நிற்கும். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது மெல்லக் கெட்டியாகி இழைக்குள் தங்கும். பளபளக்கும் வார்னிஷ் பூசுவது இந்தத் துப்பாக்கிகளுக்கு எந்தக் காலத்திலும் வழக்கமில்லை.

குழலின் உட்பக்கத்தில் வேறொரு எதிரி. அந்தக் காலத் தோட்டாவின் தீக்குப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழல்சுவரில் படியும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால் சுட்டு முடித்த சிப்பாய் கொதிநீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று பழக்கினார்கள். கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்ட குழல்களில் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழிகளை அரித்திருக்கும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் சுத்தமான இரும்பே வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு இருந்தால் அதற்குக் கீழேயும் அரிப்பு ஓயாது. கடலோரச் சென்னைக் கிடங்கைவிடத் தர்மபுரிக் கிடங்கில் இரும்பு நெடுநாள் தாங்கும், மழை மாதங்களைத் தவிர.

உப்பு உண்டாக்கும் இந்தத் தொடர் அரிப்பு துப்பாக்கிக்கு மட்டும் உரியதில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் 1930களிலேயே எஸ். பரமசிவன் குளோரைடு தின்ற வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். உலோகம் வேறு, பகைவன் ஒன்று. அறிவியல் முறையிலான மீட்புப் பணி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை; ஆயுதங்களுக்கு அது போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பதே குறை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கரிமருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கும்படி காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிக்கின்றன. ஒப்படைப்பதே சரி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத தொல்பொருள் ஆயுதத்துக்கு அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. நூறாண்டைக் கடந்த பொருளுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இங்கே மீட்பு என்றால் சுடவைப்பது என்று பொருளில்லை. சிதையாமல் நிறுத்துவது, படிக்கும்படி வைப்பது.

ஒப்படைத்தவையும், காவல்துறை கழித்துக் கட்டியவையும் உருக்காலைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் கிடைத்தால் போதும். ஒவ்வொன்றின் முத்திரைகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். எண்களைக் குறிக்கலாம். குழலின் உட்பக்கத்தை அளந்து, வரி இருக்கிறதா, குடைந்ததா என்று எழுதி வைக்கலாம். அரிதானவற்றைப் பிரித்து, சுட முடியாதபடி ஆக்கி, தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம். விவரப் பலகையில் ‘ஆங்கிலேயர் காலத் துப்பாக்கி’ என்று ஒற்றை வரி வேண்டாம். எந்த ஆலையில் எந்த ஆண்டு பிறந்தது, எந்த ஆண்டு குழல் மாறியது, யாருக்காக வரிகளை எடுத்தார்கள், எப்போது காவல்துறைக்கு வந்தது, மீட்டவர் எதைத் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்று ஐந்தாறு வரிகளாவது இருக்க வேண்டும்.